நரம்பு தூங்குகிறது என்று சொல்லியிருந்தார்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை என் அம்மாவுக்குக் கடைசிவரை புரியவைக்க முடியவில்லை. "டாக்டருன்றா, ஊசியும் போட மாட்டேன்றா, மாத்திரையும் எழுத மாட்டேன்றா" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். கையிலோ காலிலோ ஓடும் நரம்பின் மேல் துளி மின்சாரம் வைத்து, அது எதுவரை போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அதை வைத்து, கத்தி எடுப்பதா வேண்டாமா என்று சர்ஜன் முடிவு செய்வார். கள்ளக்குறிச்சியில் அதற்கு 'கரண்ட்டு வச்சிப் பாக்குறது' என்று பெயர்.

சங்கராபுரம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம் எங்களுடையது. எங்கள் வகையறாவிலேயே முதல் டாக்டர் நான். சென்னையில் படிப்பை முடித்த நேரத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. ஊர்ப்பக்கமே வந்துவிடலாம் என்று வந்தேன். கடைவீதிக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரியை நடத்திய சர்ஜனுக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். கிணற்றில் விழுந்தவர்கள், கரும்பு லாரியில் அடிபட்டவர்கள், மாடு முட்டியவர்கள் என்று எலும்பு முறிந்து வருகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் தேடி வருவார்கள். கை ராசிக்காரர் என்று பேர். வெளிநாட்டில் எங்கோ கழித்துக்கட்டிய நரம்புப் பரிசோதனை இயந்திரம் ஒன்றை ஒரு நண்பர் மூலம் தருவித்து, அதை இயக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அதற்குத்தான் என்னை எடுத்துக்கொண்டார்.

இரும்புப் பெட்டி அளவுக்கு இருக்கும் அந்த இயந்திரம். அதன் முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் வைத்ததும் நரம்பு பதில் சொன்னால் கோடு ஒரு மேடு போல எழும்பி இறங்கும். பதில் இல்லையென்றால் நேராகவே போய்விடும்.

"இன்னாம்மா சொல்லுது உன் மெஷினு?" என்று சர்ஜன் வாசலில் நின்றபடியே கேட்பார். நான் சொல்லத் தொடங்குவேன். பாதியில் யாராவது வந்து கூப்பிடுவார்கள், போய்விடுவார். அதை அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். அவர் படித்த காலத்தில் இப்படி ஒரு சோதனையே அவர்கள் கண்ணில் பட்டதில்லை. எலும்பையும் தசையையும் ரத்தக்குழாயையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பச்சைக் கோட்டைப் படிக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த சர்ஜன்கள் எல்லாருமே என் அறிக்கையில் 'பதில் இருக்கிறது' அல்லது 'பதில் இல்லை' என்ற ஒரு வரியைத்தான் தேடினார்கள்.

ஒரு நாள் மதியம் வெள்ளிமலைப் பாதையில் ஜீப் கவிழ்ந்து நாலைந்து பேரைக் கொண்டுவந்தார்கள். மலை ஜீப் தெரியுமே, உள்ளே உட்கார்ந்தவர்களைவிடத் தொற்றிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அதில் முப்பது வயது போல ஒரு அம்மா. வெள்ளிமலையிலிருந்து உள்ளே நடந்துபோக வேண்டிய ஒரு சிற்றூர். சாமையும் கடுக்காயும் விற்க இறங்கி வந்தவர். வலது முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பு முறிந்திருந்தது. பாதத்தை மேலே தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. பாதம் தொங்கியது.

முழங்காலின் வெளிப்புறத்தில் ஒரு எலும்புக் குமிழ் உண்டு. தடவிப் பார்த்தால் கைக்கு அகப்படும். அதைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு இறங்குகிறது. பாதத்தைத் தூக்குவது அந்த நரம்புதான். அது வெறுமனே நசுங்கியிருக்கிறதா, அறுந்துவிட்டதா என்று சர்ஜனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அடிபட்டு இரண்டு நாளில் என்னிடம் அனுப்பினார்.

கணுக்காலில் மின்சாரம் வைத்தேன். கோடு எழும்பியது. முழங்காலுக்குக் கீழே வைத்தேன், எழும்பியது. முழங்காலுக்கு மேலே வைத்தபோது எழும்பவில்லை. பாதை முழங்காலில் அடைபட்டிருக்கிறது, ஆனால் அறுந்ததா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது, மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதினேன். வாயாலும் சொன்னேன். சர்ஜனுக்குக் காதில் விழுந்தது, கீழே நரம்பு பதில் சொல்கிறது என்பது மட்டும்தான். அவர் மகிழ்ந்துபோனார். நேராக அந்த அம்மாவின் கட்டிலுக்குப் போய், "ஒண்ணும் பயப்படாதம்மா. நரம்பு தூங்குது. தானா முழிச்சிக்கும்" என்றார். மாவுக்கட்டோடு வீட்டுக்கு அனுப்பும்போது, மூன்று வாரம் கழித்து வந்து காட்டச் சொன்னார். அதை நான் கேட்டேன்.

அந்த அம்மா திரும்பி வர வேண்டிய வாரத்தில் சாலைகள் மூடிக்கொண்டன.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் தெருவில் இறங்கியிருந்த வருஷங்கள் அவை. ஊர்வலம், கூட்டம், மறியல் என்று விட்டுவிட்டு நடந்துகொண்டே இருந்தது. இந்த முறை சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் நின்றது. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிற்கின்றன என்று சொன்னார்கள். பால் வரவில்லை, பேப்பர் வரவில்லை. நான் சங்கராபுரத்து வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். என் தம்பி வீட்டில் இல்லை. அவன் மறியலில்தான் இருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். போகும்போது நான் தடுத்தேன். "உனக்குக் கெடச்ச சீட்டு இந்த ஊர்ல இன்னும் எத்தினி பேருக்குக் கெடைக்கும்க்கா? நீயே சொல்லு" என்று கேட்டான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த கெட்டிக்காரப் பெண்கள் எல்லாம் அந்நேரம் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

வழி திறந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது படுக்கை எல்லாம் நிரம்பி வழிந்தது. தடியடியில் மண்டை உடைந்தவர்கள், மரம் சாய்க்கும்போது அடிபட்டவர்கள். சர்ஜன் சாப்பிடவும் நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். என் தம்பியைப் போலீசார் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள், அந்த அலைச்சல் எனக்கு. இதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் மலைக்கார அம்மாவின் நினைவு வந்தது. சர்ஜனிடம் கேட்டேன். "வரலன்னா சரியாயிடுச்சின்னு அர்த்தம்மா. ஆவாதவங்கதான் திரும்பி வருவாங்க" என்றார். எல்லா டாக்டர்களும் அப்படித்தான் நம்புகிறோம். வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். அந்தச் சிற்றூருக்கு பஸ் போகாது. சொன்னது போய்ச் சேரவில்லை.

ஒரு வருஷம் தாண்டி, அடுத்த மழையும் முடிந்த பிறகு அந்த அம்மா வந்தார். புருஷன் ரோடு வரைக்கும் முதுகில் தூக்கிவந்து பஸ் ஏற்றியிருந்தார். நரம்புக்காக வரவில்லை. அடுப்பிலிருந்து கங்கு ஒன்று புறங்காலில் விழுந்து கிடந்திருக்கிறது. உணர்ச்சி இல்லாததால் தெரியவில்லை. நாற்றம் வந்து குனிந்து பார்த்திருக்கிறார். புண் ஆழமாகப் போய்ச் சீழ் வைத்திருந்தது. அதற்கு மேலே கால் சூம்பி, முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் தசையே இல்லாமல் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி விசித்திரமாக இருந்திருக்க வேண்டும்.

"நரம்பு தூங்குது, தானா முழிச்சிக்கும்னு ஐயா சொன்னாரு. அதான் முழிக்கட்டும்னு இருந்தேன்."

தினமும் காலையில் எழுந்ததும் பாதத்தைத் தூக்கிப் பார்ப்பாராம். அடுத்தவர்கள் பச்சிலை கட்டச் சொன்னபோதுகூடக் கட்டவில்லையாம், தூங்குவதைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று.

கரண்ட் வைத்துப் பார்த்தேன். கணுக்காலில் நேர்க்கோடு. முழங்காலுக்குக் கீழே நேர்க்கோடு. மேலேயும் நேர்க்கோடு. தசைக்குள் மெல்லிய ஊசியை ஏற்றினால், இயந்திரத்தின் ஒலிபெருக்கியில் சத்தம் கேட்கும். நல்ல தசை சும்மா இருக்கும்போது மௌனமாக இருக்கும், அசைத்தால் இரைச்சல் போடும். நரம்பு விட்டுப்போன தசையோ சும்மா இருக்கும்போதே சோளம் பொரிவதுபோல மெலிசாகப் பொரியும். அந்தச் சத்தம்தான் வந்தது. பாதத்தைத் தூக்கச் சொன்னேன். அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். பொரியும் சத்தம் மாறவே இல்லை.

சர்ஜன் அன்றைக்கு என் அறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "அன்னிக்கி பதில் வந்துச்சேம்மா?" என்றார். நரம்பு அறுந்தாலும் அதன் கீழ்த்துண்டு உடனே செத்துவிடாது என்று சொன்னேன். வெட்டிப்போட்ட கிளையில் இலை சில நாள் பச்சையாகவே இருக்கிறதல்லவா, அதுபோல அது ஒரு வாரம் வரை கரண்ட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். நசுங்கின நரம்பும் அறுந்த நரம்பும் அந்த நாட்களில் ஒரே மாதிரிதான் தெரியும். மூன்று வாரம் போனால்தான் வேறுபாடு தெரியும். அறுந்ததென்றால் சில மாதங்களுக்குள் திறந்து சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு சேர்த்தாலும் நரம்பு கீழே வளர்ந்து வருவதற்குள் தசை வீணாகிவிடும்.

அவர் ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்தினார். "இத எனக்கு யாரும் சொல்லித் தரல" என்றார். சாக்குச் சொல்கிற குரலில் சொல்லவில்லை. பிறகு, "நீ சொன்ன. நான் முழுசா கேக்கல" என்றார்.

புண் கொஞ்சம் ஆறியதும் முழங்காலைத் திறந்து பார்த்தார். நரம்பின் இரு முனையும் தூரத்தில் விலகி, தழும்புக்குள் புதைந்து கிடந்தன. தசை வெளுத்துப்போயிருந்தது. ஒன்றும் செய்யாமல் தைத்து மூடினார். வேறொரு தசைநாரை இடம் மாற்றிக் கட்டினால் பாதம் தொங்காமலாவது நிற்கும், வேலூர்ப் பக்கம் அனுப்பி அதைச் செய்துவிடலாம் என்று அந்த அம்மாவிடம் எடுத்துச் சொன்னார். அந்த அம்மா புருஷனைப் பார்த்தார். பிறகு, "போதுங்க ஐயா. இன்னொரு தபா படுத்துக்க முடியாது" என்றார். இரண்டு நாள் கேட்டுப் பார்த்தார் சர்ஜன். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்.

அந்த வாரத்தில்தான் என்னைக் கூப்பிட்டு, இதை மற்ற சர்ஜன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். எழுதித் தருகிறேன் என்றேன். "எவன் படிப்பான்? நானே படிக்கல. கல்யாண வீடியோவ மூணு மணி நேரம் உக்காந்து பாக்குறானுங்க. வீடியோ எடுத்துக் குடு" என்றார்.

பஸ் நிலையத்துக்கு எதிரில் வீடியோ கடை வைத்திருந்த பாய் ஒருவர் இருந்தார். கேசட் வாடகைக்கு விடுவார், டெக்கும் டிவியும் வாடகைக்கு விடுவார், எல்லாச் சாதிக் கல்யாணங்களையும் எடுப்பார். அவருடைய அண்ணன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கேமரா. ஒரு தோளில் கேமராவும் மறு தோளில் ரெக்கார்டருமாக வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதுக்கு பாட்டு இன்னா போடறதுங்க?" என்று கேட்டார். பாட்டு வேண்டாம் என்றேன். அவருக்கு அது திருப்தியாக இல்லை.

பச்சைக் கோட்டைப் படம் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கேமராவில் பார்த்தால் திரையில் கறுப்புப் பட்டை ஒன்று உருண்டுகொண்டே இருக்கும். கோடு வந்து மறைவதும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஜன்னல்களை மூடி, கேமராவையும் இயந்திரத்தையும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியால் போர்த்திக்கொண்டு, பாயும் நானும் அதற்குள் வியர்த்து ஊற்ற மறுபடி மறுபடி முயன்றோம். முதலில் என் காலிலேயே கரண்ட் வைத்து எடுத்தோம், நல்ல நரம்பு எப்படிப் பதில் சொல்லும் என்று காட்ட. பிறகு சார்ட் பேப்பரில் பெரிதாகக் கோடுகள் வரைந்து, அடிபட்ட மறுநாள் எப்படி இருக்கும், ஒரு வாரத்தில் எப்படி இருக்கும், மூன்று வாரத்தில் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினேன்.

கடைசியில் அந்த அம்மாவின் கால். புண்ணுக்காக அவர் இன்னும் வார்டில்தான் இருந்தார். சர்ஜனே போய் அனுமதி கேட்டார். காலை மட்டும்தான் எடுப்போம், முகம் வராது என்றார்.

"மூஞ்சியும் எடுங்க. காலு மட்டும் எடுத்தா அது யாருதுன்னு இன்னா தெரியும்?" என்றார் அந்த அம்மா.

அதனால் காலில் ஊசி ஏற்றுவதோடு முகத்தையும் எடுத்தோம். கட்டிலில் உட்கார்ந்தபடி, பிறகு வார்டுக்குள் நடந்தபடி. தொங்கும் பாதம் தரையில் தடுக்காமல் இருக்க முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். பாதம் தரையில் அறையும் சத்தம் நன்றாகவே பதிவாகியது.

சர்ஜன் பேசுவதாகத் திட்டம் இல்லை. நான் பேசி முடித்துவிட்டேன். அவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து கேமராவுக்கு முன்னால் நின்றார். முதலில் இங்கிலீஷில் தொடங்கினார். நாக்கு ஒட்டிக்கொண்டது. நிறுத்தச் சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டுத் தமிழில் ஆரம்பித்தார்.

"இந்தம்மா நரம்பு தூங்குதுன்னு நான் சொன்னேன். அது அறுந்து கெடந்துச்சு. ரெண்டாம் நாள் டெஸ்ட்ட வச்சிக்கினு சொன்னேன். மூணு வாரம் கழிச்சிப் பாக்கணும்னு எழுதியிருந்ததை நான் முக்கியமா நெனைக்கல. அவங்க வரலன்னதும் தேடல. இந்தத் தப்பு என்னுது."

அந்த அம்மா அவருக்குப் பக்கத்தில்தான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறுந்து கிடந்தது என்பது அவருக்கு முன்பே சொல்லப்பட்டதுதான். ஆனால் முதல் நாளே அறுந்துதான் இருந்தது என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"அப்பவே அறுந்துதான் கெடந்துச்சுங்களா ஐயா?" என்றார்.

"ஆமாம்மா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா, நடந்தாவது வந்திருப்பேனே. மரத்தத் தாண்டிக்கினு வந்திருப்பேனே."

பாய் கேமராவை இறக்கினார். அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சாயங்காலம் போட்டுப் பார்த்தபோது அந்த அம்மா சொன்னதும் பதிவாகியிருந்தது. அதை அழித்துவிடட்டுமா என்று பாய் கேட்டார். சர்ஜன் வேண்டாம் என்றார்.

கேசட்டை முதலில் விழுப்புரத்தில் டாக்டர்கள் கூடும் ஒரு மாதக் கூட்டத்தில் போட்டுக் காட்டினோம். லாட்ஜ் ஹாலில் இருபது, முப்பது பேர். சாப்பாட்டுக்கு முன்னால் அரைமணி நேரம் கொடுத்திருந்தார்கள். பாய் புதுக் கேசட் வாங்கவில்லை. ஏதோ கல்யாணக் கேசட்டின் மேலேயே எடுத்திருந்ததால் முதலில் ஒரு மணப்பெண் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே என் கோடுகளையும் பார்த்தார்கள். சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சர்ஜன் முகம் திரையில் வந்ததும் பேச்சு அடங்கியது. அங்கே இருந்த எல்லாருக்கும் அவரைத் தெரியும், பலர் அவரிடம் வேலை பழகினவர்கள். அந்த அம்மா பேசி முடித்ததும் யாரோ விளக்கைப் போட்டார்கள்.

பிறகு கேள்விகள் வந்தன. உண்மையான கேள்விகள். கைக்கும் இதே கணக்குத்தானா? பாதி அறுந்திருந்தால் கோடு எப்படி இருக்கும்? ஊசிச் சோதனை எந்த வாரத்தில்? இத்தனை வருஷம் நான் அறிக்கையாக எழுதிக் கொடுத்ததில் ஒருவர்கூடக் கேட்காத கேள்விகள். சர்ஜன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு இளம் டாக்டர் அவரிடம் போய், "சார், உங்களையே ஏன் இதுல…" என்று ஆரம்பித்தார். "சாப்பாடு ஆறிப்போவுது, போ" என்று அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு கேசட் பஸ்ஸில் ஊர் ஊராகப் போயிற்று. பாய் பிரதி எடுத்துக் கொடுப்பார், நான் அனுப்புவேன். திரும்பி வந்தால் இன்னொரு ஊருக்கு. முடிந்த இடங்களுக்கு நானே போய் நிறுத்தி நிறுத்திக் காட்டி விளக்கினேன். சில மாதங்களில் வித்தியாசம் தெரிந்தது. உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு சர்ஜன் டெலிபோனில் கூப்பிட்டு, கை நரம்பு அடிபட்ட கேஸ் இருக்கிறது, இன்று ஐந்தாம் நாள், இப்போது அனுப்பவில்லை, மூன்று வாரம் ஆனதும் நானே கூட்டிவருகிறேன் என்றார். சொன்னபடி கூட்டிவந்தார். அறுந்த நரம்பு. நேரத்தோடு சேர்த்தார்கள். அடிபட்டவர் ஒரு லாரி கிளீனர். ஒரு வருஷம் கழித்து வந்து விரல்களை விரித்துக் காட்டினார். நான் சந்தோஷப்பட்டேன். சர்ஜனிடம் சொன்னபோது தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

ஒருநாள் அவர், வெள்ளிமலைக்குப் போய் அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். தொங்கும் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் தோல்வார் ஒன்று செய்து வைத்திருந்தார். என் தம்பி சிறையிலிருந்து வந்து, அப்போது ஒரு ஜீப் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் எங்களை ஏற்றிப்போனான். மலை ஏறும்போது சர்ஜன் அந்த அம்மாவின் கதையை அவனுக்குச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு, "நாங்க மரம் போட்ட வாரந்தானா அவங்க வர வேண்டியது?" என்றான். ஆமாம் என்றேன். அடுத்த வளைவில் அவன் ஜீப்பை மெதுவாக்கினான்.

அந்த அம்மா இப்போது சொந்தச் சிற்றூரில் இல்லை. கல்லும் முள்ளுமான பாதையில் அந்தக் காலோடு ஏறி இறங்க முடியவில்லை. கழனியை மைத்துனரிடம் விட்டுவிட்டு, புருஷனும் அவரும் வெள்ளிமலையில் ரோட்டோரமாக ஒரு குடிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். புருஷன் கூலிக்குப் போனார். அவர் வியாபாரி ஒருவருக்குப் புளி கொட்டை நீக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் போனபோதும் அந்த வேலையில்தான் இருந்தார். சர்ஜன் கீழே உட்கார்ந்து வாரைக் கட்டிவிட்டார். அந்த அம்மா நடந்து பார்த்தார். சமதரையில் நன்றாகவே இருந்தது. மழையில் சேற்றில் இது தாங்குமா என்று கேட்டார். தாங்காது என்று சர்ஜனுக்குத் தெரியும். "தாங்குற மாதிரி வேற செஞ்சித் தரேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. அந்த அம்மாவும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். கிளம்பும்போது தம்பி, அவர் நீக்கி வைத்திருந்த புளி மூட்டைகளை வியாபாரி கடைவரை ஜீப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தான். இறங்கும் வழியில் என்னிடம் மட்டும் கேட்கும்படி, "நாங்க கேட்டது தப்பில்லக்கா" என்றான். தப்பென்று நான் சொல்லவில்லை. அவனும் எனக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு அந்த அம்மாவின் புருஷன் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பாதத்தில் மறுபடி புண் வந்திருக்கிறது. உணர்ச்சியில்லாத கால், வந்ததே தெரியவில்லை. காய்ச்சல் கண்டு, குளிர் நடுக்கம் வந்து, ரோட்டில் மண் சரிந்து ஜீப் வராததால் இரண்டு நாள் குடிசையிலேயே கிடந்திருக்கிறார். மூன்றாம் நாள் அந்த அம்மா போய்விட்டார். இதையெல்லாம் புருஷன் நின்றுகொண்டே சொன்னார். சர்ஜன் உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை.

"அவள போட்டோ எடுத்ததே இல்லீங்க. நீங்க எடுத்த படம் இருக்கும்னு வந்தேன்" என்றார்.

பாயிடம் ஆள் அனுப்பினேன். அவரே டிவியையும் டெக்கையும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தார். என் கோடுகளையும் விளக்கங்களையும் ஓட்டிவிட்டு, அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். புருஷன் டிவிக்கு வெகு அருகில் தரையில் உட்கார்ந்தார். மனைவி முழங்காலைத் தூக்கித் தூக்கி வார்டுக்குள் நடந்து போவதைப் பார்த்தார். சர்ஜன் பேசும் இடம் வரும் முன்பே பாய் நிறுத்தப் போனார். "வுடுங்க, பேசுவா" என்றார் புருஷன். படத்தில் பேசியதை மனைவி அவரிடம் சொல்லியிருந்தார் போலும். அந்த அம்மா பேசினார். மரத்தத் தாண்டிக்கினு வந்திருப்பேனே என்று அவர் சொன்னதும், "வந்திருப்பா" என்றார் புருஷன், எங்கள் யாரையும் பார்க்காமல்.

சர்ஜன் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

பாய் அந்த முகத்தை நிறுத்தி வைத்துப் போட்டோ எடுத்து, பெரிதாகக் கழுவிக் கொடுப்பதாகச் சொன்னார். கோடு கோடாகத்தான் வந்தது, ஆனாலும் முகம் தெரிந்தது. அடுத்த வாரம் புருஷன் வந்து வாங்கிப் போனார்.

அதன் பிறகு சர்ஜன் அந்தக் கேசட்டைப் பற்றி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் வரும் இடத்தை வெட்டிவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். "வெட்டினா அது வெறும் கோடுதாம்மா" என்றார். நரம்பு அடிபட்டு யாராவது வந்தால், திரும்பி வர வேண்டிய நாளில் வரவில்லையென்றால் ஆளை அனுப்பித் தேடிக் கூட்டிவரச் சொல்வார். ரோடு மூடியிருந்தால் நடந்து போகச் சொல்வார். அதில் ஊழியர்களுக்குச் சலிப்பு உண்டு. இன்னும் சில வருஷம் வேலை பார்த்தார். கை நடுங்க ஆரம்பித்ததும் தானாகவே கத்தியை வைத்துவிட்டார். நெஞ்சு வலி வந்து இறந்தபோது நான் ஊரில் இல்லை, மதுரையில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். தம்பி போன் செய்து சொன்னான்.

இப்போது சர்ஜன்கள் செல்போனிலேயே பாடம் பார்க்கிறார்கள். என்னைவிட நன்றாக எடுக்கிறார்கள். கலர் கலராகக் கோடு ஓடுகிறது, அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்கள். பழைய கேசட்டைப் பாயின் மகன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். கேட்கிறவர்களுக்கு இன்னும் போட்டுக் காட்டுகிறேன். போன மாதம் சேலத்தில் காட்டியபோது பயிற்சிக்கு வந்த ஒரு பெண், முடிந்த பிறகு கேட்டாள்: "மேடம், அந்தப் பேஷன்ட் இப்ப எப்படி இருக்காங்க?"

சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊசிச் சோதனை பற்றி அடுத்தவர் ஏதோ கேட்டார். நான் படத்தைப் பின்னால் ஓட்டி, அந்த அம்மாவின் காலில் ஊசி ஏற்றும் இடத்தை மறுபடி காட்டினேன்.